சேறு படாத கிராம சேவக்

மழை பெய்தால் மண் சேறாகும்; சேற்றில் போனால் சேறு மேலே படும். இந்த இரண்டு விதிகளில் முதலாவதை ஒப்புக்கொண்டு, இரண்டாவதை மட்டும் உயிருள்ளவரை எதிர்த்து நிற்கிற ஓர் இனம் நம்மிடையே இருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஊரே நனைந்த கோழியாக ஒண்டிக்கொண்டிருக்கும் பஸ் நிறுத்தத்தில், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையும், கணுக்காலுக்கு மேல் இரண்டு விரற்கடை தூக்கிய பேண்ட்டுமாக ஒருவர் நிற்பார். அவரைச் சுற்றி மூன்றடிக்கு யாரும் இருக்கமாட்டார்கள். இருக்க அவர் விடமாட்டார். பக்கத்தில் நிற்கும் குழந்தை குட்டையில் குதிக்கப்போகிறது என்பது, அந்தக் குழந்தைக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும், நகர்ந்துவிடுவார்.

மதுரைப் பக்கத்து வெயிலில் இந்த இனம் பிழைத்துக்கொள்வது ஒன்றும் சாதனையில்லை. பழனி மலைத்தொடரின் மேல்மடிப்பில், ஐப்பசி மாதத்தில், அதுவும் சைக்கிளில் போய்க்கொண்டு, மேலே ஒரு பொட்டுச் சேறு படாமல் வாழ்ந்து காட்டுவதென்றால் அதற்குத் தவம் வேண்டும். அந்தத் தவத்தைச் செய்த ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் பரமானந்தம்.

எழுபத்தெட்டில் நான் கொடைக்கானலுக்கு அப்பால் பூம்பாறையில் வாத்தியாராக இருந்தேன். அந்த வருஷம் பங்குனியில் அவர் கிராம சேவக்காக வந்து சேர்ந்தார். எந்தப் பயிருக்கு எந்த உரம், பூச்சி விழுந்தால் எதை அடிப்பது, நோய் வந்தால் என்ன செய்வது என்று வயல் வயலாகப் போய் விவசாயிக்குச் சொல்லிக்கொடுக்கிற உத்தியோகம். கவனியுங்கள், வயல் வயலாக. ஆளை நேரில் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்து உத்தரவு போட்டால் இப்படித்தான் ஆகும்.

பஸ் கூரைமேல் ஒரு சைக்கிளோடு வந்து இறங்கினார். பூம்பாறையில் அதற்கு முன்னால் சைக்கிள் கிடையாது. பாதித் தூரம் மனுஷனைச் சைக்கிள் சுமக்கும், மீதித் தூரம் சைக்கிளை மனுஷன் சுமக்க வேண்டும் என்கிற பூமி அது. ஆகையால் எவரும் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. ஆடு மேய்த்துவந்தவர்கள்கூட நின்று அந்த வண்டியைச் சுற்றிப் பார்த்தார்கள். பார்க்கவேண்டிய வண்டிதான்.

எல்லாச் சைக்கிளுக்கும் சக்கரத்தின்மேல் மட்கார்டு இருக்கும். பரமானந்தத்தின் சைக்கிளில் மட்கார்டுக்குக் கீழே சக்கரம் இருக்கிறதா என்று தேடவேண்டும். கடையில் கொடுத்த மட்கார்டு போதாது என்று இரண்டு பக்கமும் தகரம் வைத்துத் தாழ இறக்கியிருந்தார். டயருக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு பூண்டுத் தோலை நுழைப்பதே கஷ்டம். முன்மட்கார்டின் நுனியில் பழைய டயரை அறுத்து நாக்குப் போல ஒரு ரப்பர் தொங்கும். பின்னால் தொங்கியது ரப்பர் இல்லை, படுதா. ஒட்டன்சத்திரத்துக் காய்கறி லாரி டிரைவர் ஒருவரிடம் கெஞ்சி வாங்கிய, லாரிச் சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் படுதாவின் பாதி. அதில் வெள்ளைப் பெயிண்டில் "இடைவெளி விடவும்" என்று எழுதியிருந்தது. சங்கிலிக்குப் பெட்டி, பெட்டிக்கு மேல் பிளாஸ்டிக் உறை, ஹாண்டில்பாரிலிருந்து முழங்கால்வரை ஒரு ரெக்சின் திரை. இதெல்லாம் வண்டிக்கு. ஆளுக்கு? யூரியா மூட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பையை இரண்டாகக் கிழித்து, முழங்காலிலிருந்து பாதம்வரை சுற்றி, சைக்கிள் டியூபை வளையமாக அறுத்து மூன்று இடத்தில் போட்டிருப்பார். வீட்டுக்கு வந்து அதைக் கழற்றினால் உள்ளேயிருந்து ஒரு வெள்ளைப் பேண்ட் வெளிப்படும். ஆமாம், வெள்ளை. காக்கி போட்டால் சேறு தெரியாது. தெரியாத சேற்றை ஜெயித்து என்ன பிரயோசனம்?

ஓட்டுகிற முறைக்கும் ஒரு சாஸ்திரம் வைத்திருந்தார். குட்டை வந்தால் நடுவே போகக்கூடாது, ஓரமாகப் போகவேண்டும். முன்னால் மூட்டை சுமக்கிற குதிரை போனால் நூறு தப்படி பின்னால் போகவேண்டும். பள்ளத்தில் இறங்கும்போது இரண்டு காலையும் ஹாண்டில்பார் உயரத்துக்குத் தூக்கிவிட வேண்டும். பஸ் வந்தால் மட்டும் எந்தச் சாஸ்திரமும் உதவாது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஒரு தைல மரத்துக்குப் பின்னால் போய், குடையைப் பக்கவாட்டில் கேடயம் போலப் பிடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் பஸ் டிரைவர் சேனாதிபதி இதைப் பார்த்து முதல் நாள் பயந்தே போனார். யாரோ வழிப்பறிக்குப் பதுங்குகிறான் என்று நினைத்துவிட்டார்.

இத்தனை ஏற்பாட்டோடு வயலுக்குப் போய்ச் சேர்கிறவர் அங்கே என்ன செய்வார்? மேட்டில் நிற்பார்.

பூம்பாறை வயல்களைப் படிப்படியாகச் சரிவில் வெட்டியிருப்பார்கள். மேலே ரோடு, கீழே ஒன்றன்கீழ் ஒன்றாகப் பூண்டு வயல். பரமானந்தம் ரோட்டோரத்தில், புல் முளைத்த காய்ந்த இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, கீழே நிற்பவர்களிடம் கேள்வி கேட்பார். கூட்டத்தில் மைக் பிடித்தவர்போல நல்ல குரல். சொல்வதெல்லாம் சரியாகவும் இருக்கும். படித்தவர்தானே.

அந்த ஐப்பசியில் அன்னக்கொடி என்கிற பெண்ணின் வயலில் பூண்டு மஞ்சளடிக்க ஆரம்பித்தது. புருஷன் அழகுமலைக்குப் பேச்சு குறைவு. அவருடைய பங்கையும் சேர்த்து அன்னக்கொடிதான் பேசுவாள். நான்கு தடவை ஆள் அனுப்பினாள். நான்கு தடவையும் கிராம சேவக் வந்தார். நான்கு தடவையும் மேட்டில் நின்றார். மூன்றாவது தடவை நானும் கூட இருந்தேன்.

"அம்மா, ஒரு செடியைப் பிடுங்கிக் கொண்டாங்க. வேரைப் பார்க்கணும்."

அன்னக்கொடி ஒன்றைப் பிடுங்கி, மண்ணோடு மேலே ஏறி வந்து நீட்டினாள். அவர் இரண்டடி பின்னால் போனார்.

"கழுவிட்டுக் கொண்டாங்கம்மா."

அவள் இறங்கிப்போய் ஓடையில் கழுவிக்கொண்டு வந்தாள். வேர் பளபளவென்று இருந்தது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"வேர் நல்லாத்தானே இருக்கு? அழுகலே இல்லையே!"

"அழுகினதெல்லாம் ஓடையோட போயிருச்சு சார்," என்றாள் அன்னக்கொடி. "நோயும் மண்ணுக்குள்ளதான கெடக்கு? வேணும்னா நோயையும் கழுவித் தொடைச்சு, ஒரு தட்டுல வச்சுக் கொண்டாரட்டுமா?"

நான் சிரித்துவிட்டேன். பரமானந்தம் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "நாளைக்கு மழை விட்டா நானே எறங்கிப் பாக்கறேம்மா," என்றார். ஐப்பசியில் பூம்பாறையில் மழை விடுவதாவது! அது அவருக்கும் தெரியும்.

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். யாரிடமும் கைநீட்டாதவர். என்னோடு ஒரே வீட்டில்தான் தங்கியிருந்தார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர். வாசற்படியில் கால் கழுவாமல் உள்ளே வந்தால் மட்டும் முகம் சுருங்கும். அவ்வளவுதான். அந்த வெள்ளைப் பேண்ட்டைத் தவிர உலகத்தில் வேறெதிலும் அவருக்குப் பேராசை கிடையாது.

தீபாவளிக்கு நாலு நாள் முன்னால், ஒரு வியாழக்கிழமை. மூன்று நாளாக விடாத மழை. நான் லீவு போட்டுவிட்டுக் கொடைக்கானலுக்குத் துணி எடுக்கப் போயிருந்தேன். ஐந்தாவது முறையாக அன்னக்கொடி ஆள் அனுப்ப, பரமானந்தம் தன் கவசங்களோடு அவளுடைய வயலுக்குப் போனார். வயல் ஊரிலிருந்து இரண்டு மைல், கொடைக்கானல் ரோட்டில். இனி நான் சொல்கிற முதல் பாதியை நான் பார்க்கவில்லை. அன்னக்கொடி சொல்லக் கேட்டது. அவள் கூட்டிச் சொல்கிறவள்தான், ஆனால் இதில் கூட்டவேண்டிய அவசியம் அவளுக்கு இருக்கவில்லை.

அவர் வழக்கம்போல் மேட்டில் நின்று, குடைக்குள்ளிருந்து பேசிக்கொண்டிருந்தார். அன்னக்கொடியும் அழகுமலையும் தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு கீழே வயலில். மணி இரண்டரை தாண்டியிருக்கும். அப்போது பெரிய மூட்டையைத் தரையில் போட்டதுபோல ஒரு சத்தம். தொடர்ந்து கல் உருளும் சத்தம். கொடைக்கானல் பக்கத்து வளைவில் மூடுபனி ஒரு கணம் விலகியது. ரோடு இருந்த இடத்தில் ரோட்டைக் காணோம். வளைவின் நடுவில் பதினைந்து அடி நீளத்துக்கு அப்படியே பெயர்ந்து, ஓடைப் பள்ளத்துக்குள் போய்விட்டது. மேலேயிருந்து மண் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.

பேசாத அழகுமலைதான் முதலில் பேசினார்.

"மூணு மணி பஸ்ஸு வருமே."

கொடைக்கானலிலிருந்து வரும் பஸ். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ரோடு செங்குத்தாக இறங்கி வந்து வளைவில் திரும்பும். மூடுபனியில் டிரைவருக்குப் பத்தடிதான் தெரியும். இந்தப் பக்கம் நின்று கத்தினால் மழைச் சத்தத்தில் கேட்காது; கேட்டாலும் இறக்கத்தில் வருகிற பஸ் நிற்காது. இறக்கம் ஆரம்பிக்கிற இடத்துக்கே போய் நிறுத்தவேண்டும். பள்ளத்தைத் தாண்ட வழியில்லை. பூண்டு மூட்டை சுமக்கிற குதிரைகள் போகிற பாதை ஒன்று ஓடையைக் கீழே கடந்து, சோலைக்குள் புகுந்து, மறுபக்கம் மேலே ரோட்டில் ஏறும். ஒன்றரை மைல். மூன்று நாள் மழையில், குதிரைக் குளம்பு பட்டுப் பட்டு அது பாதையாக இல்லை, பிசைந்த மாவாகக் கிடந்தது.

"ஓடுனா அரை மணி ஆகும்," என்றார் அழகுமலை.

அன்னக்கொடி சைக்கிளைப் பார்த்தாள். பிறகு பரமானந்தத்தைப் பார்த்தாள்.

"எங்களுக்கு ஓட்டத் தெரியாது சார்."

பரமானந்தம் பாதையைப் பார்த்தார். தன் கால்களைப் பார்த்தார். அந்த ஒரு நிமிஷத்தில் அவருக்குள் என்ன நடந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். "அந்தாளு மொகத்தப் பாக்கவே எனக்குச் சங்கடமாப் போச்சு வாத்தியாரே," என்றாள் அன்னக்கொடி. "ஊசி போட்டுக்க வந்த பிள்ள மாதிரி நின்னாரு." குடையை மடக்கி அவள் கையில் கொடுத்தார். சைக்கிளில் ஏறினார். பாதையில் இறங்கினார்.

நூறு தப்படிகூடப் போகவில்லை. சக்கரம் நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்று கேட்கிறீர்களா? களிமண் டயரில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறியது. ஏறின மண்ணுக்கு வெளியே போக வழி வேண்டாமா? டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் பூண்டுத் தோல் நுழைய இடமில்லாமல் அவரே பார்த்துப் பார்த்து அடைத்து வைத்திருந்தாரே! உள்ளே போன சேறு கெட்டித்து, செங்கல் வைத்துக் கட்டியதுபோல் இறுகிவிட்டது. குச்சியால் சுரண்டினார். ஏறி மிதித்தார். இருபது தப்படியில் மறுபடியும் நின்றது. மறுபடியும் சுரண்டினார். சேறு படாமலிருக்கச் செய்த ஏற்பாடு முழுவதும் அன்று சேற்றின் கட்சியில் சேர்ந்துகொண்டது.

பின்னாலேயே அன்னக்கொடி ஓடி வந்துவிட்டாள். கையில் களைக்கொத்து.

"அதப் பிடுங்கி எறிங்க சார்!"

"எதம்மா?"

"இந்தத் தகரத்தத்தான்! வெரசா!"

இருக்கைக்குப் பின்னால் தோல் பையில் ஸ்பானர் இருந்தது. எடுத்தார். முன்மட்கார்டைக் கழற்றினார். அந்த நேரத்திலும், சேறில்லாத புல்தரையைத் தேடினார் வைக்க. அன்னக்கொடி அதைப் பிடுங்கி ஓடைப் பக்கம் வீசினாள். பின்மட்கார்டு வரவில்லை. ஆடக்கூடாது என்று அதைக் கம்பி போட்டு எட்டு இடத்தில் முறுக்கியிருந்தார்.

"கொஞ்சம் பொறுங்கம்மா, கம்பிய ஒண்ணொண்ணா..."

"தள்ளுங்க!"

களைக்கொத்தைத் தகரத்துக்கு அடியில் கொடுத்து, ஒரு காலை வண்டியில் ஊன்றி, நெம்பினாள். மட்கார்டும், நாக்கும், படுதாவும், "இடைவெளி விடவும்" என்பதும் ஒரே சத்தத்தில் பிய்ந்துகொண்டு வந்தன. பரமானந்தம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு குனிந்து, முன்னால் தொங்கிய ரெக்சின் திரையைத் தானே கிழித்தார். மிதிக்கும்போது தடுக்கிய யூரியாப் பையையும் உருவி எறிந்தார். அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

ஏறி மிதித்தார். முன்சக்கரம் வாரிய சேறு முதலில் முழங்காலில் விழுந்தது. அடுத்தது நெஞ்சில். அடுத்தது வாயில். பின்சக்கரம் தன் பங்குக்கு முதுகில் கீழிருந்து மேலாக ஒரு கோடு போட்டது. வெள்ளைப் பேண்ட் முதல் ஐம்பது தப்படியில் முடிந்துபோனது. கண்ணாடி மூடிவிட்டது, கழற்றிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். முதல் குட்டை வந்ததும், பழைய சாஸ்திரப்படி ஓரமாக ஒதுங்கினார். ஓரம் வழுக்கி, சைக்கிளோடு விழுந்தார். எழுந்தார். இரண்டாவது குட்டையிலும் ஓரம், இரண்டாவதாகவும் விழுந்தார். மூன்றாவதற்கு ஓரத்தைத் தேட நேரமில்லை. நேராக நடுவில் விட்டார். நடுவில் தண்ணீருக்கு அடியில் கெட்டிக் கல் இருந்தது. சக்கரம் அம்பு மாதிரி போயிற்று. இதைப் பின்னால் அவர் என்னிடம் சொன்னபோது ஏதோ கண்டுபிடிப்பை அறிவிக்கிற குரலில் சொன்னார். "நடுவுலதான் வாத்தியாரே பாதை இருக்கு. ஆறு மாசமா எனக்குத் தெரியலையே!"

அடுத்த பாதியை நான் பார்த்தேன். அதுதான் எனக்கு வெட்கம்.

அந்த மூணு மணி பஸ்ஸில்தான் நான் திரும்பிக்கொண்டிருந்தேன், டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது இருக்கை. மடியில் புது வேட்டிப் பொட்டலம். உள்ளே நாற்பது பேருக்குக் குறையாது. தீபாவளிச் சாமான், பட்டாசுப் பெட்டி, கோழி, அழுகிற குழந்தை. இறக்கம் ஆரம்பிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், சோலைக்குள்ளிருந்து பழுப்பாக ஒன்று ரோட்டில் ஏறியது.

"காட்டுமாடு! காட்டுமாடு!" என்று ஒருவர் கத்தினார்.

"காட்டுமாடு எங்கடா சைக்கிள் தள்ளும்?" என்றார் சேனாதிபதி. ஹாரனை அழுத்தினார். உருவம் விலகவில்லை. கையை ஆட்டியது. "பட்டப்பகல்லயே தண்ணியப் போட்டுட்டு வந்து நிக்கிறான் பாரு! ஏலே, ஓரமாப் போலே!"

சேனாதிபதி ஒதுக்கி ஓட்டிக்கொண்டு போயிருப்பார், அப்படித்தான் திருப்பினார். உருவம் சைக்கிளைத் தூக்கி ரோட்டுக்குக் குறுக்கே போட்டுவிட்டு, அதற்கு முன்னால் தானும் நின்றது. பிரேக் கிறீச்சிட்டது. பட்டாசுப் பெட்டியெல்லாம் முன்னால் வந்து விழுந்தது. பஸ் நின்றபோது அதன் மூக்குக்கும் அந்த மனிதனுக்கும் இடையில் ஒரு முழம் இருந்தது.

சேனாதிபதி வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. உருவம் பதில் சொல்லவில்லை. வாய் நிறையச் சேறு. மூச்சு இரைக்க, கையைக் கீழே கீழே என்று காட்டிக்கொண்டு, படிக்கட்டுப் பக்கம் வந்தது. கண்டக்டர் கையை நீட்டித் தடுத்தார்.

"இந்தச் சேத்தோட ஏத்த முடியாதுய்யா. தீவாளித் துணி வச்சிருக்காங்க எல்லாரும்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜன்னல் படுதாவைச் சரசரவென்று இறக்கினேன். வேட்டிப் பொட்டலத்தின்மேல் தெறித்துவிடக்கூடாதே!

படுதாவுக்கு வெளியே துப்புகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல்.

"ரோடு இல்ல."

"ரோடு இல்லையா? அப்ப நீ நிக்கறது என்னது?" என்றார் சேனாதிபதி.

"கீழ... வளைவுல... ரோடு போயிருச்சு. போகாதீங்க."

சேனாதிபதி இறங்கினார். கண்டக்டரும் இரண்டு பேரும் கூடப் போனார்கள். இறக்கத்தில் மூடுபனிக்குள் மறைந்தார்கள். பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்த சேனாதிபதி, ஏறவில்லை, படிக்கட்டில் உட்கார்ந்தார். பீடியை எடுத்தார். மூன்று குச்சி கிழித்தும் பற்றவைக்க முடியவில்லை.

"தெரியவே தெரியாது," என்றார், யாரிடமோ. "கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது. நேரா எறக்கியிருப்பேன்."

பிறகு எழுந்துபோய் அந்த உருவத்தின் முன்னால் நின்றார்.

"யாருய்யா நீ?"

"கிராம சேவக்."

"எந்த ஊர் கிராம சேவக்?"

"பூம்பாறைதாங்க. பரமானந்தம்."

பஸ்ஸிலிருந்து ஒரு கிழவர் எட்டிப் பார்த்தார். "பொய் சொல்றான். எங்க ஊரு சேவக்கு சாரு சுத்தமான ஆளு."

நானும் படுதாவைத் தூக்கிப் பார்த்தேன். ஆறு மாதம் ஒரே கூரையின்கீழ் இருந்த எனக்கே அடையாளம் தெரியவில்லை. மண்ணால் செய்து இன்னும் சூளையில் வைக்காத பொம்மை மாதிரி இருந்தார். அவர் சட்டைக்குள் கைவிட்டு ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். அதற்குள் இன்னொரு பை. அதற்குள்ளே நாலாக மடித்து இஸ்திரி போட்ட ஒரு வெள்ளைக் கைக்குட்டை. அதை உதறி, முகத்தைத் துடைக்காமல், மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். முதலில் இடது கண், பிறகு வலது கண், ஓரம்.

"அட, சேவக்கு சாரேதான்!" என்றார் கிழவர்.

சேனாதிபதி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கட்டிப்பிடிக்கப் போனார். பரமானந்தம் பின்னால் நகர்ந்தார். பழைய வழக்கத்தில் நகர்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"வேணாங்க," என்றார். "ஒங்க சட்ட பாழாப் போயிரும்."

சேனாதிபதி விடவில்லை.

அன்று நாங்கள் எல்லோரும் பஸ்ஸை அங்கேயே விட்டுவிட்டு, அதே குதிரைப் பாதையில் நடந்து ஊருக்குப் போனோம். நாற்பது பேரும் முழங்கால்வரை சேறு. என் வேட்டிப் பொட்டலத்தைத் தலையில் வைத்துக்கொண்டேன். பரமானந்தம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். வழுக்குகிற இடத்திலெல்லாம் நின்று பெண்களுக்குக் கை கொடுத்தார். வயலருகே வந்ததும் அன்னக்கொடி வழியை மறித்து நின்றாள். எல்லோரும் வந்து சேர்ந்தார்களா என்று ஒருமுறை கண்ணாலேயே எண்ணிப் பார்த்தாள். பிறகு அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"இனிமே என்ன சார் மிச்சம் இருக்கு? எறங்குங்க."

இறங்கினார். பூண்டு வயலில் முட்டிபோட்டு உட்கார்ந்து, மண்ணை வெறும் கையால் தோண்டி, முகர்ந்து பார்த்தார். ஒரே நிமிஷம். "தண்ணி நிக்குதும்மா. அடியில வாய்க்கால் அடைச்சுக் கெடக்கு. அதான் அழுகுது. மருந்தெல்லாம் ஒண்ணும் வேணாம், வடிய விடுங்க." அழகுமலை அங்கேயே வாய்க்காலை வெட்டிவிட்டார். மேல்பாதி வயல் பிழைத்தது. கீழ்ப்பாதிக்கு ஐந்து நாள் பிந்திவிட்டது. "மொத நாளே எறங்கியிருந்தா..." என்று அன்னக்கொடி தொடங்கினாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லவில்லை. அவள் வார்த்தையை விழுங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இதோடு மனுஷன் மாறிவிட்டார், அன்றுமுதல் சேற்றில் புரண்டார் என்று எழுதி முடித்தால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். எனக்கும்தான். ஆனால் அடுத்த மாதமே திண்டுக்கல்லுக்குப் போய்ப் புது மட்கார்டு வாங்கி வந்துவிட்டார். இந்தத் தடவை டயருக்கும் தகரத்துக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. சேறு உள்ளே வந்தால் தானாக வெளியே போய்விடும் என்பது புதிய சாஸ்திரம். அதை ஊரில் சைக்கிளே இல்லாத எல்லோருக்கும் அரை மணி நேரம் விளக்குவார். வயலில் இறங்கினார், அது உண்மை. இறங்குமுன் பேண்ட்டை மடித்து, மடித்ததை இன்னொரு முறை மடித்து, ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு இறங்குவார். சேனாதிபதியோ, ரோட்டில் அவரைப் பார்த்துவிட்டால், குட்டை இருக்கிற இடத்தில் பஸ்ஸை ஆமை மாதிரி நகர்த்துவார். ஒரு சொட்டுத் தெறிக்காது. "ஏன்யா லேட்டு?" என்று யாராவது கேட்டால், "சேவக்கு சார் சைக்கிள்ல வந்தாரு," என்பார் கண்டக்டர். அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள்.

பரமானந்தம் எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டார். ஆனால் இனம் அழியவில்லை. தெருவில் கூடிக் குப்பையள்ளும்போது மாடியில் நின்று, "அந்த மூலையில இன்னும் கெடக்கு பாருங்க," என்று சுட்டிக்காட்டுகிறவர் இருக்கிறார். சாவு வீட்டில் உட்காராமல் நின்றபடியே துக்கம் விசாரிக்கிறவர் இருக்கிறார். பக்கத்து வீட்டுச் சண்டையை விலக்கப் போய், வாசலில் செருப்பைக் கழற்ற யோசித்துத் திரும்பி வந்துவிடுகிறவர் இருக்கிறார். அவர்களையெல்லாம் நான் கேலி செய்யத் தயார். ஜன்னல் படுதாவை இறக்கிய கை மட்டும் கொஞ்சம் கூசுகிறது.

நீங்கள் அப்படியில்லை என்கிறீர்கள். சந்தோஷம். ஒரே ஒரு கேள்வி. நாற்பது பேர் பிழைத்தார்கள் என்று சொன்னேன், கேட்டுக்கொண்டீர்கள். பாதி வயல் போயிற்று என்றேன்; அதையும் கேட்டுக்கொண்டீர்கள். ஆனால் இவ்வளவு நேரமும் உள்ளுக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்ததா, இல்லையா? அந்த வெள்ளைப் பேண்ட் கடைசியில் வெளுத்ததா என்று?

வெளுக்கவில்லை. போய் நிம்மதியாகத் தூங்குங்கள்.